மெழுகு பொம்மைக்கு இவ்ளோ காசா? டூர் கேள்விகளுக்கு அக்கா பதில்

கேள்வி: அக்கா, லீவுக்கு மாமனார் மாமியாரோட குடும்பமா சிங்கப்பூர் போறோம். செந்தோசால இருக்கற மேடம் துசாட்ஸ் மெழுகு மியூசியத்துக்கு போயே ஆகணும்னு பசங்க அடம் பிடிக்கறாங்க, எங்க வீட்டுக்காரர் "பொம்மைய பாக்கவா அவ்ளோ காசு"ங்கறார். யார் சொல்றது சரி? - ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இந்த தடவ பசங்க சொல்றதுதான் சரிம்மா. ஆனா எல்லா சிலை பக்கத்துலயும் நின்னு வரிசையா போட்டோ எடுத்துட்டு முக்கா மணி நேரத்துல வெளிய வந்துடற ஆளுங்கன்னா உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி, காசு வேஸ்ட். அங்க கயிறு கட்டி தள்ளி நிறுத்த மாட்டாங்க, மூஞ்சிக்கு ஒரு அடி தூரத்துல போய் நின்னு பாக்கலாம், அதுக்குத்தான் காசு. கைய பாருங்க, நகத்துக்கு அடியில இருக்கற நிறம், புறங்கைல ஓடற நரம்பு, கண்ணோட வெள்ளைல மெல்லிசா ஓடற செவப்பு கோடு, இதெல்லாம் டிவில எந்த ஸ்டார்கிட்டயும் நாம பாத்தே இருக்க மாட்டோம்.

உங்க மாமியாருக்கு கண்டிப்பா ஸ்ரீதேவிய பிடிக்கும். நம்ம சிவகாசி பக்கம் மீனம்பட்டில பொறந்த பொண்ணு, 2019ல இந்த சிங்கப்பூர் மியூசியத்துல சிலை வச்சாங்க, "மிஸ்டர் இந்தியா" இந்தி படத்துல போட்ட அந்த தங்க கலர் டிரெஸ்ல நிக்கறாங்க. அதே வருஷம் மகேஷ் பாபு, 2020ல காஜல் அகர்வால். சிலைய அப்பப்ப இடம் மாத்துவாங்க, அதனால குறிப்பா ஒருத்தர பாக்கணும்னா டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி வெப்சைட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

லிட்டில் இந்தியா பக்கம் ரூம் போட்டிருந்தா ரொம்ப ஈஸி, அங்கேர்ந்து எம்ஆர்டில, அதாவது அவங்க ஊர் மெட்ரோ ட்ரெயின்ல, லைன் மாறாம நேரா ஹார்பர்ஃப்ரன்ட் ஸ்டேஷன், மேல விவோசிட்டி மால்ல செந்தோசா எக்ஸ்பிரஸ் ஏறி இம்பியால இறங்கணும், திரும்பி வர்றப்ப அந்த ட்ரெயினுக்கு காசு கிடையாது. மியூசியம் டிக்கெட்ட ஆன்லைன்லயே எடுத்துடுங்க, பெரும்பாலும் கவுன்டர விட கம்மியா வரும். திறந்த உடனே உள்ள போயிடுங்க, பஸ் பஸ்ஸா டூர் குரூப் வந்துட்டா அப்புறம் ஒவ்வொரு சிலைக்கும் லைன்ல நிக்கணும். பெரியவங்களுக்கு நிக்கறதுதான் கஷ்டமே தவிர உள்ள ஏசி இருக்கு, சின்னதா ஒரு படகு சவாரியும் இருக்கு, உக்காந்துட்டே போய்ட்டு வரலாம்.

கேள்வி: மெழுகுன்னா உருகாதா? கரன்ட் போச்சுன்னா என்னாகும்? - ஒன்பதாம் கிளாஸ் மாணவன், ஈரோடு

பதில்: நல்ல கேள்வி தம்பி. தேன்மெழுகு உருகணும்னா சுமார் 62 டிகிரி சூடு வேணும், உங்க ஊர் மே மாச வெயிலுக்கே அது உருகாது, ஆனா சூட்டுல இளகி ஷேப் போயிடும், அதான் ஏசி. அப்புறம் முழு சிலையும் மெழுகு இல்லப்பா, தலையும் கையும்தான் பெரும்பாலும் மெழுகு, டிரெஸ்ஸுக்கு உள்ள இருக்கறது ஃபைபர்கிளாஸ் உடம்பு.

செய்யறத கேட்டா இன்னும் ஆச்சரியப்படுவ. அந்த ஸ்டார நேர்ல நிக்க வச்சு 200க்கு மேல அளவு எடுக்கறாங்க, எல்லா பக்கத்துலேர்ந்தும் போட்டோ, கண்ணு கலரு, முடி கலரு எல்லாம் பொருத்தி பாக்கறாங்க. அப்புறம் களிமண்ல தலை, அதுலேர்ந்து பிளாஸ்டர் அச்சு, அச்சுல சூடான மெழுகு. மெழுகு ஆறினா சுருங்கும்ல, அதனால களிமண் தலைய நிஜத்த விட 2 சதவீதம் பெருசா செய்வாங்க. முடிய விக் மாதிரி ஒட்டறது இல்ல, நாத்து நடற மாதிரி ஒவ்வொரு முடியா ஊசில குத்தி நடுவாங்க, இது ஒண்ணுக்கே வாரக்கணக்குல ஆகும். கண்ணுல அந்த செவப்பு நரம்பு இருக்கே, அது பட்டு நூல். மொத்தமா ஒரு சிலைக்கு மூணு நாலு மாசம். இவ்ளோவும் செஞ்சப்புறம் தலைக்கு குளிப்பாட்டணும், மேக்கப் தொட்டு விடணும், அந்த வேலை முடியவே முடியாது.

கேள்வி: யாருக்கா அந்த துசாட்? ராணியா? - வாசகர், காரைக்குடி

பதில்: ராணியும் இல்ல ஒண்ணும் இல்ல, வீட்டு வேலை செஞ்ச அம்மாவோட பொண்ணு. 1761ல ஸ்ட்ராஸ்பர்க்ல பொறந்தாங்க, பேரு மரி. அம்மா வேலை செஞ்சது கர்ட்டியஸ்னு ஒரு டாக்டர் வீட்ல, அவர் மெழுகுல உடம்பு உறுப்பு மாடல் செய்யறவர், அவர்கிட்டதான் இந்த பொண்ணு தொழில் கத்துக்கிட்டாங்க. 1777ல, 16 வயசுல, வோல்டேர்ங்கற பெரிய பிரெஞ்சு எழுத்தாளரோட சிலைய செஞ்சிருக்காங்க, நாம அந்த வயசுல ரெக்கார்டு நோட்டுல படம் வரையவே அக்காவ கூப்பிட்ட ஆளுங்க. அப்புறம் பிரெஞ்சு புரட்சி வந்து ராஜா, ராணி, கடைசில ராஜாவ வெட்ட சொன்னவங்கன்னு எல்லார் தலையும் கில்லட்டின்ங்கற தலை வெட்டற மெஷின்ல விழ ஆரம்பிச்சுது, வெட்டின அந்த தலைகள்லேர்ந்து அச்சு எடுக்கற வேலை இவங்களுக்கு வந்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. 1802ல இங்கிலாந்து போனவங்க திரும்ப பிரான்சுக்கு போகவே இல்ல, முப்பது வருஷத்துக்கு மேல ஊர் ஊரா வண்டில சிலைகள ஏத்திட்டு போய் காட்டி பொழச்சு, 1835லதான் லண்டன் பேக்கர் ஸ்ட்ரீட்ல நிரந்தரமா கடை போட்டாங்க. அப்ப வயசு எழுபத தாண்டியாச்சு! 1850ல இறந்தாங்க. இப்ப சினிமா ஸ்டார் கூட போட்டோ எடுக்க போறோமே, அந்த கடையோட ஆரம்பம் வெட்டுப்பட்ட தலைங்க.

கேள்வி: போன வருஷம் பாங்காக் மெழுகு மியூசியம் போனோம், போட்டோல சிலைங்க எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு, எங்கயோ பாத்துட்டு இருக்கு. எங்க தப்பு? - வாசகி, திருப்பூர்

பதில்: ஃபிளாஷ்தான். மெழுகுக்குள்ள கொஞ்சம் வெளிச்சம் போய் வர்றதாலதான் அது தோல் மாதிரி தெரியுது, ஃபிளாஷ் அடிச்சா மேல இருக்கற பளபளப்பு மட்டும்தான் போட்டோல வரும். இன்னொண்ணு, சிலை உங்கள பாக்காது, நீங்கதான் அது பாக்கற இடத்துக்கு போகணும். போன் வச்சிருக்கறவர் மொதல்ல தனியா அந்த கண்ணுக்கு நேரா எங்க நிக்கணும்னு பாத்து நின்னுக்கட்டும், அப்புறம் நீங்க போய் பக்கத்துல நில்லுங்க.

கேள்வி: பாஸ்போர்ட் இல்லாம இந்தியாலயே பாக்க முடியுமா? - வாசகர், விருதுநகர்

பதில்: முடியும். டெல்லி கன்னாட் பிளேஸ்ல 2017ல ரீகல் தியேட்டர் கட்டடத்துல மேடம் துசாட்ஸ் வந்துச்சு, 2020ல மூடிட்டாங்க, 2022ல நொய்டா டிஎல்எஃப் மால்ல திரும்ப திறந்தாங்க. ஆக்ரா போற பிளான் இருந்தா அதோட சேத்துக்கலாம், இதுக்குன்னே தனியா ட்ரெயின் ஏறாதீங்க.

கேள்வி: ஆபீஸ் வேலையா லண்டன் போறேன், சுத்தி பாக்க ஒரு நாள்தான் இருக்கு. மேடம் துசாட்ஸா, பிரிட்டிஷ் மியூசியமா? - வாசகர், சென்னை

பதில்: பிரிட்டிஷ் மியூசியம், யோசிக்கவே வேணாம், அதுவும் ஃப்ரீ. சாயங்காலம் நேரமும் பணமும் மிச்சம் இருந்தா பேக்கர் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல இறங்குங்க, மெழுகு மியூசியம் பக்கத்துலயே. உள்ள போனா அமிதாப் பச்சன தேடறதுக்கு முன்னாடி "ஸ்லீப்பிங் பியூட்டி" இப்ப எங்க இருக்குன்னு அங்க வேலை செய்யறவங்ககிட்ட கேளுங்க. 1765ல கர்ட்டியஸ் செஞ்ச உருவம் அது, படுத்துட்டு இருக்கற பொண்ணு, உள்ள மெஷின் வச்சிருக்கறதால மூச்சு விடற மாதிரி நெஞ்சு ஏறி இறங்கும். முக்காவாசி பேர் அத பாக்காமலே தாண்டி போயிடறாங்க.