இழுக்கும்போது மட்டும் அதிரும் பிக்கப்

வாசகர் கேள்விகளுக்கு சங்ககிரியில் பட்டறை நடத்தும் மெக்கானிக் பதில் அளிக்கிறார்

கேள்வி: ஐயா, கான்கிரீட் வேலை எடுத்துச் செய்கிறேன். 2.5 லிட்டர் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். வெறும் வண்டி 80-இல் போனாலும் ஒரு குறையும் தெரியவில்லை. பின்னால் கான்கிரீட் கலக்கும் மில்லர் இயந்திரத்தை மாட்டி இழுத்தால், 35 முதல் 50 கிலோமீட்டர் வேகம் வரை தரையும் சீட்டும் ரீங்காரம்போல அதிர்கின்றன. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. டயர்களுக்கு பேலன்சிங் செய்தாயிற்று, பின் டயர் இரண்டும் புதிது, என்ஜின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் கிராஸும் மாற்றியாயிற்று. அடுத்து பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரமான கிரவுனைப் பிரிக்கலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். கிளட்ச் பிளேட் மாற்றிய பிறகுதான் இது வந்தது என்று என் டிரைவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், தாராபுரம்

பதில்: கிரவுனைத் தொடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. அதைப் படித்துப் பார்க்காமல் இரண்டு டயரை வாங்க வைத்துவிட்டார்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

காலை எடுத்தால் அதிர்வு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டயர் எடை சரியில்லாமல் இருந்தால் காலை எடுத்தாலும் அதிரும், மிதித்தாலும் அதிரும். சக்கரம் அதே வேகத்தில்தானே சுற்றுகிறது? ஷாஃப்ட் எடை சரியில்லாமல் இருந்தாலும் அப்படித்தான். அது வெறும் வண்டியிலும் 80-இல் காட்டிக்கொடுத்திருக்கும். உங்கள் அதிர்வு என்ஜினின் இழுவிசையோடு வருகிறது, அதோடு போகிறது.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 215/75 ஆர் 15 அளவு டயர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் ஓடும். 45 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஆறு முறைகூடச் சுற்றாது. அதன் கோளாறு தனித்தனிக் குலுக்கலாகத் தெரியும். கிரவுன் விகிதம் 4, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் நான்கு முறை சுற்றும் என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் நொடிக்கு ஏறத்தாழ 23 முறை சுற்றும். ஜாயிண்ட் கோணத்தால் வரும் அதிர்வு ஒரு சுற்றுக்கு இருமுறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 45. அதை யாராலும் எண்ண முடியாது, ரீங்காரமாகத்தான் கேட்கும். நீங்களும் அந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

என்ஜினைச் சந்தேகத்திலிருந்து விலக்க ஒரு சோதனை போதும். மில்லரை மாட்டிய நிலையில், ஆளில்லாத சமதளச் சாலையில் 40-இல் மூன்றாவது கியரில் இழுங்கள். பிறகு அதே வேகத்தில் நான்காவது கியர். இரண்டிலும் அதிர்வு அதே வேகத்தில் அதே போல வந்தால், கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. கியர் மாறியதும் வேறு வேகத்துக்கு நகர்ந்தால், என்ஜின், அதன் மவுண்டிங், கிளட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். முதல் வகை என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன்.

ஏன் இழுக்கும்போது மட்டும்? ஜாயிண்ட் கிராஸ் ஒரு கோணத்தில் மடங்கிச் சுற்றும்போது, அதன் மறுபக்கம் ஒரே சீரான வேகத்தில் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகம் கூடி இருமுறை குறையும். கோணம் 3 டிகிரியாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் 0.14 விழுக்காடுதான். 10 டிகிரியானால் 1.5 விழுக்காடு, பத்து மடங்குக்கும் மேல். முன்முனையில் உண்டாகும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின்முனை ஜாயிண்ட் சமன் செய்துவிடும். அதற்கு இரண்டு கோணங்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும், கிராஸைப் பிடித்திருக்கும் கவைகளான ஃபோர்க்குகள் சரியான வரிசையில் நிற்க வேண்டும். மில்லரை மாட்டியதும் அதன் கம்பி வண்டியின் பின்பக்கத்தைக் கீழே அழுத்துகிறது. நீங்கள் மிதித்ததும் இழுவிசையின் எதிர்வினையால் ஆக்சில் முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு, அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் முன்முனை, மேலே எழுகிறது. கோணமும் மாறுகிறது, அதன்மேல் விசையும் கூடுகிறது. காலை எடுத்தால் மூக்கு கீழே இறங்கிவிடும்.

இப்போது உங்கள் டிரைவர் சொன்னதற்கு வருகிறேன். வண்டியை நாள் முழுவதும் ஓட்டுகிறவர் சொல்வதை நான் எப்போதும் முதலில் கேட்பேன். கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமென்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றும் முன் சாக்பீஸாலோ சென்டர் பஞ்சாலோ அடையாளம் இட்டார்களா? இடவில்லை என்றால், நீளவாக்கில் பற்கள் உள்ள ஸ்பிளைனில் ஷாஃப்டை மறுபடி சொருகும்போது ஒரு பல் தள்ளிப் போயிருந்தாலும் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று சமன் செய்யாமல் போகும். வெறும் வண்டியில் விசை குறைவு என்பதால் அது உங்கள் காதுக்கு எட்டியிருக்காது. ஒற்றை ஷாஃப்ட் என்றால் இரு முனை ஃபோர்க்கும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நடுவில் பேரிங் உள்ள இரட்டை ஷாஃப்டில் வண்டிக்கு வண்டி அமைப்பு வேறுபடும். அங்கே தயாரிப்பாளர் பொறித்த அம்புக்குறியையோ புள்ளியையோ தேடி, அதைத்தான் நேர்ப்படுத்த வேண்டும். கண் மதிப்பில் பூட்டக் கூடாது. சென்டர் பேரிங் தாங்கிக்கும் சேசிஸுக்கும் நடுவே தகடுகள் இருந்திருந்தால், அவை திரும்பப் போடப்பட்டனவா என்றும் கேளுங்கள். பட்டறைத் தரையில் அவை கிடந்து பெருக்கித் தள்ளப்படுவது நடக்கிற காரியம்.

இது சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியவை: சென்டர் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருக்கிறதா, கியர் பாக்ஸ் மவுண்டிங் அமுங்கிவிட்டதா, பின் ஸ்பிரிங் பட்டைகளின் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா. யூ போல்ட் தளர்ந்திருந்தால் ஆக்சில் உட்காரும் இடத்தில் உரசிப் பளபளக்கும். புதிதாகப் போட்ட கிராஸையும் விட்டுவிடாதீர்கள். கப்பின் ஓரத்தில் செந்துருப் பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் இல்லை என்று பொருள்.

கோணத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம், கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியே போதும். வண்டி சமதளத்தில் தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஆக்சில் தொங்கி, அளவு முழுவதும் பொய்யாகிவிடும். கியர் பாக்ஸ் முனை, ஷாஃப்ட், பினியன் முகம் மூன்றையும் மில்லர் இல்லாமல் ஒருமுறை, மாட்டிவிட்டு ஒருமுறை அளந்து எழுதுங்கள். இரு முனைக் கோணங்களின் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சிலர் பின் சக்கரங்களை அந்தரத்தில் தூக்கி வைத்து, என்ஜினை ஓடவிட்டுக் கீழே படுத்துப் பார்ப்பார்கள். தயவுசெய்து அதை உங்கள் வண்டியில் அனுமதிக்காதீர்கள். அளவும் கிடைக்காது, உயிருக்கும் ஆபத்து.

மில்லரையும் ஒரு பார்வை பாருங்கள். கொக்கியும் பின்னும் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தால் முன்னும் பின்னும் இடிக்கும். அது ரீங்காரம் அல்ல, வெட்டு. டிரம்மின் ஒரு பக்கத்தில் கான்கிரீட் இறுகிப் படிந்திருந்தால் எடை ஒருபுறம் சாயும். இயந்திரத்தின் தகட்டில் இழுவை வேகம் குறித்திருந்தால் அதை மீறாதீர்கள். பிரேக் இல்லாத சுமை அது.

சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருப்பது தெரிந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள். தாங்கி விட்டுப்போய் ஷாஃப்டின் முன்முனை சாலையில் குத்தினால், பின்னால் வருகிற இரு சக்கர வாகனக்காரரை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் திருவிழாக்களுக்கு ஜெனரேட்டர் டிரெயிலர் இழுக்கிறேன். சேற்று வழியில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு வந்தேன். தார்ச்சாலை ஏறிய பிறகு, வளைவுகளில் யாரோ பிரேக் பிடிப்பதுபோல இழுத்துக்கொண்டு டக் டக் என்கிறது. ஆக்சில் போய்விட்டதா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ஆக்சில் போகவில்லை, இப்படியே ஓட்டினால் போய்விடும். உங்களுடையது தேவைப்படும்போது மட்டும் போடும் வகை. 4எச் போட்டதும் முன், பின் ஷாஃப்ட்கள் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான வட்டத்தில் ஓடியாக வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கிராஸிலும் பல்லிலும் தேங்கி, டக்கென்று விடுபடுகிறது. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான்.

2எச்-சுக்கு (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றுங்கள். லீவர் இறுகி மறுத்தால், நேராகச் சில மீட்டர் பின்னால் எடுத்தால் விடுபடும். பிறகும் சத்தம் தொடர்ந்தால்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். முன் டயரும் பின் டயரும் சமமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். முன்னால் புதியது, பின்னால் மொட்டை என்றால் 4எச் போட்டால் நேர்ச் சாலையிலும் இந்த முறுக்கு ஏறும்.

கேள்வி: டீசல் மிச்சமாகட்டும் என்று சுமை இழுக்கும்போதும் 45-இல் ஐந்தாவது கியர் போடுகிறேன். மிதித்தால் வண்டி நடுங்குகிறது. கெடுதலா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கெடுதல்தான். அந்த நிலையில் என்ஜின் 1,100 சுற்றுக்கு அருகில் முக்கிக்கொண்டிருக்கும். நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. சுற்று குறையக் குறைய ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனி அடியாக கிளட்ச் ஸ்பிரிங்கிலும் கியர் பற்களிலும் விழும். டீசலும் மிச்சமாகாது, ஏனென்றால் நீங்கள் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியே வைத்திருப்பீர்கள். நான்காவதுக்கு இறக்குங்கள், ஏற்றம் என்றால் மூன்றாவது. கியரை இறக்கிய பிறகும் நடுக்கம் போகாமல், நின்றிருக்கும்போதும் என்ஜின் விட்டுவிட்டு ஓடினால், இன்ஜெக்டர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.