பௌர்ணமி இல்லாத நான்காவது நாவல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நரமாமிசம் தின்னும் மனநல மருத்துவர் ஹானிபல் லெக்டரைப் பற்றித் தாமஸ் ஹாரிஸ் எழுதிய நாவல்களைக் கல்லூரிக் காலத்திலிருந்து வாசிக்கிறேன். நான்காவதான 'ஹானிபல் ரைசிங்' (2006) என்னைக் குழப்புகிறது. மொழி பிடித்தது. ஆனால் 1944இல் லித்துவேனியாவில் தங்கை மிஷாவைக் கொன்று தின்றார்கள், அதனால்தான் லெக்டர் இப்படி ஆனார் என்று காரணம் சொன்னதும் பயமே போய்விட்டது. அதன் படத்தில், லெக்டராகப் பெயர் வாங்கிய ஆண்டனி ஹாப்கின்ஸும் இல்லை. தொடரில் இதையும் சேர்த்து வாசிக்கத்தான் வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தொடர் நாவல்கள் எந்த இடத்தில் கெட்டுப்போகின்றன என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இத்தனை வருடம் ஒரு பாத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அந்த உரிமையில் உங்களைக் கொஞ்சம் திட்டுகிறேன்.

ஹாப்கின்ஸை விடுங்கள். பையன் லெக்டராக அவர் எப்படி நடிப்பார்?

'காரணம் சொன்னதால் பயம் போயிற்று' என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். நீங்களுமா? 'ரெட் டிராகன்' (1981) நாவலை மறுபடி எடுங்கள். கொலைகாரன் டாலர்ஹைடின் பிளவுபட்ட அண்ணம், கைவிட்ட தாய், கொடுமைக்காரப் பாட்டி என்று அத்தியாயக் கணக்கில் காரணம் வருகிறது. பயம் குறைந்ததா? பௌர்ணமிக்கு ஒரு குடும்பம் என்று கொல்பவன் அவன். பர்மிங்ஹாம் முடிந்தது, அட்லாண்டா முடிந்தது. பாட்டி கதையை நாம் படித்துக்கொண்டிருக்கும்போதே நிலா வளர்கிறது, கெடு நெருங்குகிறது. அந்தப் பக்கம் அவனைத் துரத்தும் துப்பறிவாளர் கிரஹாம் இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவானதைத் தேடுகிறார். கொலைகாரன் கொண்டுவந்த கருவி பழைய பூட்டுக்கானது, பூட்டோ மாறிவிட்டது. பழைய பூட்டை எங்கே பார்த்தான்? அந்தக் குடும்பம் வீட்டில் எடுத்த பிலிமில். இரண்டு குடும்பங்களின் பிலிமையும் கழுவியது செயின்ட் லூயிஸில் அவன் வேலை பார்க்கும் லேப். கிரஹாமோடு சேர்ந்து நாமும் அந்த பிலிம்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் ஐயா!

1988இல் வந்த இரண்டாவதான 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' நாவலில் கெடு, குழிக்குள் கிடக்கும் செனட்டர் மகள். சில நாள் பட்டினி போட்டுக் கொல்பவன் கையில் இருக்கிறாள். அவனைப் பற்றிய தகவல் அடைபட்டிருக்கும் லெக்டரிடம்; அதற்கு விலை, கேட்டு வரும் எஃப்.பி.ஐ. பயிற்சி மாணவி ஸ்டார்லிங்கின் பால்யக் கதை. கொடுக்கல் வாங்கல் முடிந்த பிறகுதான் மெம்பிஸில் அவரைத் தப்பவிடுகிறார் ஹாரிஸ்.

மூன்றாவதான 'ஹானிபல்' (1999) நாவலில் லெக்டர் வெளியே உலவுகிறார். அவரிடம் கேட்டு வாங்க யாருக்கும் ஒன்றுமில்லை. ஃபிளாரன்ஸ் பகுதி மட்டும் துடிக்கிறது, ஏனென்றால் சன்மானப் பணத்துக்காக அந்த ஊர் போலீஸ்காரர் பாஸிக்கு லெக்டருடைய கைரேகை வேண்டும். பாஸி செத்த பிறகு மீதியெல்லாம் பன்றிகளும் விருந்தும்தான்.

நான்காவதில் கெடுவும் இல்லை, லெக்டரிடம் கேட்டு வாங்க ஒன்றும் இல்லை. லெக்டர் பிழைப்பார் என்பது முதல் பக்கத்துக்கு முன்பே தெரியும். சாகிறவர்களில் பெரும்பாலோர் குழந்தையைத் தின்றவர்கள். அவர்களுக்காக யார் பதறுவார்? லெக்டரைத் துரத்தும் இன்ஸ்பெக்டர் பொப்பீல் தாமதித்தால் இன்னொரு அயோக்கியன் சாவான், அவ்வளவுதான். மளிகைச் சீட்டில் வாங்கிய சாமானை அடிப்பதுபோல் பெயர்களை அடித்துக்கொண்டே போகிறது நாவல். நீங்கள் பழி போடும் மிஷா, மூன்றாவது நாவலிலேயே சில பக்கங்களில் வந்தவள். அங்கே அவளைப் பற்றிப் புகார் சொல்ல உங்களுக்குத் தோன்றவில்லையே?