இளைத்த உடலுக்கு ஏன் இத்தனை பசி?

கேள்வி: வயது 38. செம்பூரில் வசிக்கிறேன். நான்கு மாதம் உணவைக் கடுமையாகக் குறைத்து 74 கிலோவிலிருந்து 65 கிலோவுக்கு வந்தேன். ஒரு வருடத்தில் மீண்டும் 71 ஆகிவிட்டது. முன்பைவிட அதிகமாகப் பசிக்கிறது. "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்கிறார்கள் வீட்டில். இரவு பன்னிரண்டு மணிக்குப் படுத்து, குழாயில் தண்ணீர் பிடிக்க ஐந்து மணிக்கு எழுகிறேன். ரயிலில் உடன் வரும் தோழி ஒரு மூலிகைப் பொடி கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிடலாமா?

பதில்: அந்தப் பொடியை இப்போதைக்குத் தொடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் பசி உண்மையானது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் பசியைத் தூண்டும் நரம்பணுக்களும் அடக்கும் நரம்பணுக்களும் அருகருகே இருக்கின்றன. கொழுப்பு அணுக்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், உடலில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அவற்றுக்குத் தெரிவிக்கிறது. 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் இதற்கான மரபணுவைக் கண்டறிந்தனர். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் பசியை எழுப்புகிறது. எடை வேகமாகக் குறையும்போது லெப்டின் சரிந்து கிரெலின் கூடுவதால், மூளை அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொண்டு பசியைப் பெருக்குவதோடு, உடல் செலவிடும் ஆற்றலையும் குறைத்துவிடுகிறது. 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து இளைத்தவர்களுக்கு, ஓராண்டு கழிந்த பின்னரும் இந்த மாற்றங்கள் பெருமளவு நீடித்தன; பசியும் கூடுதலாகவே இருந்தது. இதை உங்கள் வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் வாயைக் கட்டியதற்கு உடல் ஆற்றிய எதிர்வினைதான் இது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்த ஐந்து மணி நேரத் தூக்கம். 2004இல் சிகாகோவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கிய இளைஞர்களுக்கு லெப்டின் 18 சதவீதம் குறைந்து, கிரெலின் 28 சதவீதம் கூடியது. ஹார்மோன் அளவுகளில் பிந்தைய ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை என்றாலும், தூக்கம் குறைந்தவர்கள் கூடுதலாக உண்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. தண்ணீர் பிடிக்கும் பொறுப்பை வாரத்தில் சில நாட்களாவது வீட்டிலுள்ள மற்றவர்கள் ஏற்க வேண்டும். இதை நான் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே சொல்கிறேன்.

பட்டினி வேண்டாம். காலை இட்லியோடு முட்டையோ சுண்டலோ சேருங்கள். புரதம் வயிறு நிறைந்த உணர்வை நெடுநேரம் காக்கும். மாதம் ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் போதுமானது. தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பரிசோதியுங்கள். மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் அவற்றுள் சில எடையைக் கூட்டும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எடையைக் குறைக்கும் செமாகுளுட்டைடு போன்ற ஊசிகள் மூளையின் பசி மையங்களிலும் செயல்பட்டு நல்ல பலன் தருகின்றன என்றாலும், நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பக்கூடும் என்பதால், மருத்துவரோடு நிதானமாகப் பேசிய பிறகே முடிவெடுங்கள்.

இனி பொடி. மூளையில் செரடோனின், நோர்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருட்களைக் கூட்டிப் பசியை அடக்கிய சிபுட்ராமின் என்ற மருந்து, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2011இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 'மூலிகை' என்று விற்கப்படும் எடைக் குறைப்புப் பொடிகளில் அதை ரகசியமாகக் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. தோழி ஏற்கெனவே அதைச் சாப்பிட்டு, படபடப்போ தூக்கமின்மையோ இருந்தால், பொட்டலத்தோடு அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.