பவளத்துக்குப் பச்சைத் தண்ணீர் போதுமா? பிளாங்டன் தீவனம்: வாசகர் கேள்விகள்

கேள்வி (காரைக்குடி): சார், என்னுடையது 200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி). தினமும் 30 மில்லி பைட்டோ (பைட்டோபிளாங்டன், தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி) ஊற்றுகிறேன். மூன்று மாதமாகியும் அக்ரோபோரா, டார்ச் என்ற இரண்டு கல்பவளங்களும் வளரவில்லை. 60 மில்லியாகக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். ஒரே ஒரு அளவைத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஊற்றும் அளவு. கே.ஹெச் (தண்ணீரின் காரத்தன்மை) எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. அது இல்லாமல் தீவனம் பற்றிக் கேட்பது, காய்ச்சல் பார்க்காமல் மருந்து கேட்பது மாதிரி.

கடைகளில் பைட்டோ என்று கிடைப்பது பெரும்பாலும் நானோகுளோராப்சிஸ் என்ற பாசி. ஒரு செல் 2 முதல் 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). டார்ச் தன் விரல்களால் பிடித்து உண்பது மைசிஸ் (பொடி இறால் போன்ற உயிரி) துண்டு அளவிலான இரை. அக்ரோபோராவின் சின்ன வாய்க்கும் ரோட்டிஃபர், காப்பிபாட் (இரண்டும் மிதக்கும் நுண்ணுயிரிகள்) குஞ்சு மாதிரி 100 மைக்ரானுக்குப் பக்கத்தில் ஏதாவது வேண்டும். பைட்டோவை நேராகச் சாப்பிடுவது கடற்பஞ்சு, சிப்பி, குழாய்ப்புழு, சில மென்பவளங்கள். கல்பவளத்துக்கு அது சுற்றி வந்துதான் சேரும்: பைட்டோவைக் காப்பிபாட் தின்னும், காப்பிபாட்டைப் பவளம் தின்னும். டேங்கில் காப்பிபாட்டே இல்லையென்றால் ஊற்றிய பச்சை முழுக்க ஸ்கிம்மர் (நுரையால் கழிவை அகற்றும் கருவி) கோப்பைக்கும் பாறை இடுக்குக்கும்தான் போகும்.

அடுத்தது, பல வருடமாகச் சொல்லி வருவது: அந்தப் பாட்டில் உங்கள் கைக்கு வந்தபோது உயிரோடு இருந்ததா? உயிருள்ள பைட்டோ 4 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய சரக்கு. சித்திரை வெயிலில் ஆம்னி பஸ் டிக்கியில் ஓர் இரவு, பார்சல் ஆபீஸில் அரை நாள் என்று கிடந்து வந்தால் அது தீவனம் இல்லை, பச்சை நிற உரம். செல் வெடித்து உள்ளிருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் தண்ணீரில் கரைந்திருக்கும். அதை ஊற்றினால் வளர்வது மணலின் மேல் படரும் சிவப்புச் சளிதான். ஐஸ் ஜெல் வைத்துத் தெர்மோகோல் பெட்டியில் வராத பாட்டிலை வாங்கவே வாங்காதீர்கள். கடையில் அலமாரியில் வரிசையாக நிற்கும் ‘உயிருள்ள’ பைட்டோவையும் தொடாதீர்கள்.

வீட்டில் சோதிப்பது எளிது. பாட்டிலை அசைக்காமல் ஒரு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். அடியில் கரும்பச்சையாகப் படிவது இயல்பு. மெல்லக் கவிழ்த்தால் புகை மாதிரி எழுந்து சீராகக் கலந்துவிட வேண்டும். திரிதிரியாக, பாசிக் கிழிசல் போல மிதந்தாலோ, நிறம் மஞ்சள் ஓடியிருந்தாலோ, மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வந்தாலோ சிங்கில் கொட்டிவிடுங்கள். விலையை நினைத்துப் பாதியைக்கூட டேங்கில் ஊற்ற வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: பைட்டோவை 10 மில்லிக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் குறையுங்கள். கே.ஹெச் 8-9, கால்சியம் 420 சுமார், மெக்னீசியம் 1300 சுமார், நைட்ரேட் 5-10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை (கே.ஹெச் டிகிரியில், மற்றவை லிட்டருக்கு மில்லிகிராமில்) என்று நிற்கிறதா பாருங்கள். அக்ரோபோரா வளராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் கே.ஹெச் ஏறி இறங்குவதுதான் காரணம். இவை இரண்டு வாரம் அசையாமல் நின்ற பிறகு காப்பிபாட் விடுங்கள். டார்ச்சுக்கு வாரம் ஒரு முறை பொடியாக நறுக்கிய மைசிஸ் போதும்.

கேள்வி (பள்ளத்தூர்): வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) நல்ல வெயில் விழுகிறது. அங்கே வைத்து பைட்டோ வளர்த்தால் மூன்றாம் நாளே வெளுத்துவிடுகிறது. ஏன்?

பதில்: வெந்துவிடுகிறது. நேர் வெயிலில் 2 லிட்டர் பெட் பாட்டில் மதியத்துக்குள் 40 டிகிரியைத் தொடும். நானோகுளோராப்சிஸுக்கு 25 நல்லது, 30 தாண்டினால் திணறும். வளவை ஒட்டிய உள் அறை எதிலாவது வையுங்கள். கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள அறை கோடையிலும் வெளியைவிடக் கணிசமாகக் குளிர்ச்சி. வெள்ளை எல்.இ.டி. பட்டை ஒன்று, பாட்டிலிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாளுக்கு 16 மணி நேரம். உப்பு லிட்டருக்கு 25 கிராம். எஃப்/2 உரம் (பாசி வளர்க்கும் சத்துக் கரைசல்) அதன் பாட்டிலில் எழுதியிருக்கும் அளவு, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். மிஞ்சிய உரம் நேரே டேங்குக்குத்தான் வரும். காற்றுக்கு வெறும் கடினக் குழாய், ஏர்ஸ்டோன் (காற்றைப் பொடிக் குமிழாக்கும் கல்) கூடாது: நுரை தள்ளி, செல்லெல்லாம் கழுத்தில் ஒட்டிக் காய்ந்துவிடும். ஏழெட்டு நாளில் பின்னால் பிடித்த விரல் தெரியாத அளவுக்குக் கறுக்கும். பாதியை எடுத்துக்கொண்டு பாதிக்குப் புதுத் தண்ணீர். ஒரு பாட்டில் எப்போதும் தனியாக, கைபடாமல் இருக்கட்டும். ரோட்டிஃபர் வளர்க்கிறீர்கள் என்றால் அதே அறையில் வேண்டாம். ஒரு துளி தெறித்தால் நாலு நாளில் பச்சை முழுவதையும் தின்று தீர்த்துவிடும்.

கேள்வி (கானாடுகாத்தான்): மழைத் தண்ணீரைப் பித்தளை அண்டாவில் பிடித்து வைத்திருக்கிறோம். ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதில் உப்புக் கலக்கலாமா? ஈயம் பூசிய அண்டாதான்.

பதில்: கூடாது. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. பவளம், இறால், காப்பிபாட் எல்லாவற்றுக்கும் செம்பு நஞ்சு. ஈயப்பூச்சில் ஒரு கீறல் போதும். பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள். கூரையைக் கழுவி வரும் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, பிடித்ததையும் ஆர்.ஓ., டி.ஐ. (அயனி நீக்கும் வடிகட்டி) இரண்டிலும் ஓட்டி, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 0 காட்டிய பின் பயன்படுத்துங்கள்.

கேள்வி (கோட்டையூர்): தீவனம் பகலிலா, இரவிலா? ஸ்கிம்மரை இரவு முழுக்க அணைத்து வைக்கலாமா?

பதில்: விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து. ஸ்கிம்மரும் யூ.வி. (புற ஊதா) விளக்கும் முக்கால் மணி நேரம் மட்டும் நிற்கட்டும், வேவ்மேக்கர் (அலை எழுப்பும் பம்ப்) மெதுவாக ஓடட்டும். இரவு முழுக்க வேண்டாம்: சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, அதில் தீவனமும் அழுகினால் விடிவதற்குள் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

கேள்வி (தேவகோட்டை): தொண்டி பக்கம்தானே, மெல்லிய துணி வலை இழுத்து இயற்கைப் பிளாங்டன் கொண்டுவரலாமா? அப்படியே கரையோரம் கிடைக்கும் சின்னப் பவளம் ஒன்றையும் எடுத்து வரலாமா?

பதில்: இரண்டாவதற்கு முதலில். எடுக்கக் கூடாது, யோசிக்கவும் கூடாது. நம் கடலின் கல்பவளம் அனைத்தும் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. புலிக்குள்ள அதே பாதுகாப்பு. கடையில் வாங்கினாலும் இறக்குமதிக்கான சைட்டிஸ் (அருகும் உயிரின வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) ஆவணம் கேட்டு வாங்குங்கள்.

வலையும் வேண்டாம். அதில் காப்பிபாட்டோடு ஜெல்லி மீன் குஞ்சு, ஹைட்ராய்டு (கொட்டும் சிற்றுயிரி), நண்டுக் குஞ்சு, மீன் ஒட்டுண்ணி எல்லாம் வரும். நெருக்கமாக அடைத்த பிளாங்டன் வெயிலில் வீடு வந்து சேர்வதற்குள் பாதி செத்துக் கூழாகியிருக்கும்.

கேள்வி (புதுவயல்): ஆர்டீமியா (தீவனமாகப் பொரிக்கும் உப்புநீர்ச் சிற்றிறால்) முட்டை நாலில் ஒன்றுகூடப் பொரிவதில்லை.

பதில்: டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஐப்பசி ஈரக்காற்று பட்டாலே முட்டை கெடும். காற்றுப் புகாத டப்பாவில், ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு லிட்டருக்கு உப்பு 25 கிராம், சமையல் சோடா ஒரு சிட்டிகை, முட்டை 1 கிராம், அடியிலிருந்து பலமான காற்று, தலைக்கு மேல் விளக்கு, 28 டிகிரி. 24 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சு அடியில் வெளிச்சத்தை நோக்கிக் கூடும். குழாயால் உறிஞ்சி, 120 மைக்ரான் வலையில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். பொரிந்து ஆறேழு மணி நேரம் தாண்டினால் கருவுணவைத் தானே செலவழித்துவிடும், சத்து இருக்காது. மிச்சம் இருந்தால் பைட்டோ கலந்த தண்ணீரில் பாதி நாள் வைத்து, அது தின்ற பிறகு போடுங்கள். பைட்டோவுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

கேள்வி (காரைக்குடி): சென்னாக்கூனியைப் (காய்ந்த பொடி இறால்) பொடித்துச் சன் கோரல் என்ற பவளத்துக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். மணலும் கருவாட்டுப் பொடியும் எண்ணெய்ப் படலமுமாகப் போய்ப் பாஸ்பேட்டை ஏற்றும். உப்புப் போடாத புது இறாலை அரிசி அளவுக்கு நறுக்கி அலசுங்கள், அல்லது மைசிஸ். சன் கோரலுக்கு ஒளியிலிருந்து உணவில்லை, முழுக்க நீங்கள் கொடுப்பதுதான். வாரம் மூன்று முறையாவது ஒவ்வொரு பாலிப்புக்கும் (பவளத்தின் ஒவ்வொரு வாய்க்கும்) தீவனம் போக வேண்டும். மூடியிருந்தால் முதலில் இறால் அலசிய தண்ணீரை இரண்டு மில்லி சிரிஞ்சால் அருகே விடுங்கள். கால் மணி நேரத்தில் விரல் நீட்டும். பிறகு, அடி வெட்டிய பாட்டிலைக் கூடை மாதிரி அதன் மேல் கவிழ்த்து, பாட்டிலின் வாய் வழியாகச் சிரிஞ்சை விட்டு ஊட்டுங்கள். இல்லாவிட்டால் டேங்கில் இருக்கும் இறால் வந்து பாலிப் வாயிலிருந்தே பிடுங்கித் தின்னும். இருபது நிமிடத்தில் கூடையை எடுத்து, மிச்சத்தை உறிஞ்சி வெளியே கொட்டுங்கள்.