கடல் குதிரை தின்ன மறுத்தால்

வளர்ப்புயிர்: கேள்வி – பதில்

கேள்வி: வலையில் மீனோடு மீனாக வந்த கடல் குதிரை ஒன்றை என் மகன் கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர் ஊற்றி விட்டிருக்கிறான். விரல் நீளம் இருக்கும். நான்கு நாளாக எதையும் தொடவில்லை. கடையில் வாங்கிய மீன் தீனி, பொடியாக நறுக்கிய இறால், அவித்த முட்டையின் மஞ்சள் கரு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டோம். நேற்றிலிருந்து அடியில் சாய்ந்து கிடக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்?
– வாசகி, அதிராம்பட்டினம்

பதில்: உடனே செய்ய வேண்டியதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். கரையோரத்தில் வேறு வீடுகளிலும் இதே நிலை வரக்கூடும் என்பதால் விரிவாக எழுதுகிறோம்.

மருந்து வேண்டாம். அது அடம் பிடிக்கவில்லை. நீங்கள் போட்டது எதுவும் அதன் கண்ணுக்கு இரையாகத் தெரியவில்லை. கடல் குதிரைக்குப் பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். பக்கத்தில் வரும் சின்னஞ்சிறு கூனி இறாலைக் குழல் வாயால் வெடுக்கென்று உறிஞ்சிவிடும். கடலில் பிடிபட்டது, துள்ளாத பொருளைப் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. இரைப்பை இல்லாததால் தின்றது சீக்கிரமே குடலைக் கடந்துவிடும். அதனால் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றபடி இருக்கவேண்டிய உயிர் இது. வேறு பல மீன்கள் நான்கு நாள் பட்டினியைத் தாங்கிவிடும். இதற்கு அது உயிர் போகிற விஷயம்.

சாய்ந்து கிடப்பதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். இறாலும் முட்டையும் அழுகினால் அம்மோனியா ஏறும். அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றித் தரும் பாக்டீரியா புதுத் தொட்டியில் நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் விஷம்தான்.

இன்னொன்றும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடல் குதிரை 2001-இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பது, விற்பது மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே மறைக்காமல் அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைப்பதோ கடலில் விடுவதோதான் வழி. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் இதையேதான் சொல்லியிருப்போம். வீட்டுத் தொட்டியில் அதைப் பிழைக்கவைக்கத் தேவையான உயிர் இரையைத் தினமும் மூன்று நான்கு வேளை தருவது உங்களால் ஆகாது.

அலுவலகத்தாரிடம் ஒப்படைக்கும் வரை செய்யவேண்டியது இது. அழுகிய தீனியை ஒரு சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். திறந்த கடலிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவாருங்கள். முகத்துவாரத்தில் எடுக்காதீர்கள், மழைக்காலத்தில் அங்கே உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பாதித் தண்ணீரை மாற்றலாம், ஆனால் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் டியூபைப் போட்டுச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்தில் இறக்குங்கள். வால் பிடித்துக்கொள்ள ஒரு நைலான் கயிற்றைக் கல்லில் கட்டிப் போடுங்கள். பிடிமானம் இல்லாத கடல் குதிரை நீந்தி நீந்தியே சோர்ந்துபோகும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரை மெல்ல ஓடவிடுங்கள். பொடிக் குமிழி வரும் கல் வேண்டாம், பெரிய குமிழி போதும். வெயில் படாத இடமாக இருக்கட்டும். ஐஸ் கட்டியைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.

கையால் தூக்குவதோ வலையால் அள்ளுவதோ கூடாது. தண்ணீருக்கு வெளியே வந்தால் அது காற்றை விழுங்கிவிடக்கூடும். ஒரு குவளையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தண்ணீரோடு சேர்த்தே எடுங்கள். உயிருள்ள கூனி கிடைத்தால் அதன் குழல் வாய்க்குள் போகும் அளவில் இருப்பதை மட்டும் விட்டுப் பாருங்கள். நிமிர்ந்து நின்று வாலால் பற்றிக்கொள்கிறதா, தலைகீழாக மேலே மிதக்கிறதா என்பதை அலுவலகத்தாரிடம் சொல்லுங்கள். மிதந்தால் உடலுக்குள் வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதை அப்படியே கடலில் விட்டால் கீழே இறங்க முடியாது.

விடுவதானால் கடற்புல் உள்ள இடத்தில்தான் விடவேண்டும், வெறும் மணலில் அல்ல. அதற்கு உங்கள் ஊர்க் கடலைவிட நல்ல இடம் குறைவு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததே அந்தப் புல்வெளிகளை நம்பித்தான்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மகள், பண்ணையில் பொரித்த கடல் குதிரை இரண்டை முறைப்படி வாங்கி வளர்க்கிறாள். ஆண் குதிரை இரண்டு நாளாகத் தின்னவில்லை. படம் அனுப்பியிருக்கிறாள். என்ன சொல்லட்டும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் ஒன்று கேளுங்கள்: அது குட்டி போட்டதா? கடல் குதிரையில் ஆண்தான் பையில் சுமக்கும். பிரசவத்தை ஒட்டி ஒரு நாள் தின்னாமல் இருப்பது உண்டு. அதுவல்ல என்றால் அன்றே தண்ணீரைச் சோதிக்கவேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்கவேண்டும். உப்பின் அடர்த்தி எண் 1.023-லிருந்து 1.026-க்குள் இருக்கட்டும். வெப்பம் இனத்தைப் பொறுத்தது: அங்கே பரவலாக வளர்க்கும் பானை வயிற்று இனத்துக்கு 20 டிகிரிக்கு மேல் ஏறாமலிருப்பது நல்லது, வெப்பமண்டல இனங்களைத் தொட்டியில் 22, 23-இல் வைப்பார்கள். வெப்பம் ஏற ஏற விப்ரியோ பாக்டீரியா பெருகும். கடல் குதிரையின் பெரும்பாலான புண்ணுக்கும் வீக்கத்துக்கும் பின்னால் இருப்பது அதுதான்.

படத்தில் வயிறு ஒட்டி, உடலைச் சுற்றியுள்ள எலும்புத் தட்டுகளின் விளிம்புகள் துருத்தித் தெரிகின்றன. இது இரண்டு நாள் பட்டினி மாதிரி இல்லை. இணையுடன் போட்டிபோட முடியாமல் முன்பே குறைவாகத் தின்றிருக்கும். அதே தண்ணீர் நிரப்பிய 40 லிட்டர் தனித் தொட்டி, பாக்டீரியா ஏற்கெனவே நிலைபெற்ற ஸ்பாஞ்ச் ஃபில்டர், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு போதும். மணல் வேண்டாம். மைசிஸ் என்ற உறைந்த பொடி இறாலை நிறுத்திவிட்டு, உயிருள்ள வளர்ந்த ஆர்ட்டீமியாவை (உப்புநீரில் வாழும், இறால் போன்ற சிற்றுயிர்) போடச் சொல்லுங்கள். வெறும் ஆர்ட்டீமியாவில் கொழுப்புச் சத்து குறைவு. சத்துக் கரைசலில் 8 முதல் 12 மணி நேரம் வைத்து, அலசிய பிறகே போடவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு வேளை. அரை மணியில் மிச்சத்தை எடுத்துவிடவேண்டும். தின்னத் தொடங்கிய பிறகு மைசிஸைக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம்.

இரையைக் குறிபார்த்தும் உறிஞ்ச முடியவில்லை என்றால் வாயைக் கவனிக்கவேண்டும். குழல் வெளுத்தோ வீங்கியோ இருந்தால் அழுகல் நோய். தாமதிக்காமல் மீன் மருத்துவரிடம் போகவேண்டும். தேவையானால் அவர் மெல்லிய குழாயால் கூழ் ஊட்டுவார். மகள் வீட்டில் அதை முயலவேண்டாம். ஆன்டிபயாடிக்கைப் பெரிய தொட்டியில் கொட்டினால் தண்ணீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியாவும் செத்துவிடும். தாமிர மருந்தைத் தானாக வாங்கி ஊற்றவும் கூடாது.

கேள்வி: கடல் குதிரை வைக்கக்கூடாது என்றால், வேறு கடல் மீன் வளர்க்கலாமா? எங்கள் போர் தண்ணீரே உப்புக் கரிக்கிறது.
– வாசகர், திருவாரூர்

பதில்: குஞ்சுப் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் வாங்கலாம், அதைப் பொரிக்கும் நுட்பத்தை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்திருக்கிறது. போர் தண்ணீர் உதவாது. உப்புக் கரித்தாலும் அதில் இருக்கும் தாதுக்களின் விகிதம் கடலுக்குரியது அல்ல. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 முதல் 38 கிராம் கடல் உப்புக் கலவை போடுங்கள். சமையல் உப்பு அல்ல, மீன் தொட்டிக்கென்றே விற்பது. தண்ணீரில்தான் உப்பைப் போடவேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்துவிடும், திரும்பக் கரையாது. ஒரு நாள் காற்று மோட்டாரை ஓடவிட்டு, மறுநாள் அடர்த்தியை அளந்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.