குறைகிற கூலன்ட் எங்கே போகிறது? – கார் கேள்வி பதில்

கேள்வி: என் பெட்ரோல் ஹேட்ச்பேக் காருக்கு எட்டு வயது. ரிசர்வ் டேங்கில் மாதம் அரை லிட்டர் கூலன்ட் குறைகிறது. வண்டிக்குக் கீழே ஒரு சொட்டுகூட இல்லை. "அது ஆவியாகிப் போகும், ஊற்றிக்கிட்டே இருங்க" என்கிறார் மெக்கானிக். சரிதானா? (ஈரோடு வாசகர்)

பதில்: சரியில்லை. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுவது மூடிய அமைப்புக்குள். ஆண்டுக்கு நூறு, இருநூறு மில்லி குறைந்தால் விட்டுவிடலாம். மாதம் அரை லிட்டர் என்றால் எங்கோ வழி இருக்கிறது. சூடான என்ஜின்மேல் விழும் சொட்டு தரைக்கு வரும் முன்பே காய்ந்துவிடும். அதனால் ஈரத்தைத் தேடாதீர்கள், கறையைத் தேடுங்கள். ஹோஸ் கிளிப் ஓரம், வாட்டர் பம்புக்குக் கீழே உள்ள சிறு துளை, ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு ஆகிய இடங்களில் வெள்ளையாகவோ கூலன்டின் நிறத்திலோ உப்புப் பூத்ததுபோல் படிந்திருக்கும். ஏ.சி. தண்ணீரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. கூலன்ட் விரலில் வழுக்கும், இனிப்பு வாடை வீசும்.

முதல் சந்தேகம் ரேடியேட்டர் மூடிமேல்தான் விழ வேண்டும். அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்று எண் பொறித்திருக்கும். அத்தனை 'பார்' அழுத்தத்தை அது தாங்கிப் பிடிக்க வேண்டும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 1.1 பார் அழுத்தத்தில் அது 129 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ இந்த இருபது டிகிரிச் சலுகை போய்விடும். கூலன்ட் பொங்கி ரிசர்வ் டேங்குக்குப் போய், அங்கிருந்து வழிந்து சாலையிலேயே காய்ந்துவிடும். மூடியின் அடியில், நடுவில் இருக்கும் சின்ன வால்வை நகத்தால் இழுத்து விடுங்கள். சட்டென்று திரும்பி உட்கார வேண்டும். அது அடைத்துக்கொண்டால், என்ஜின் ஆறியதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். புதிய மூடி பழையதன் அதே எண்ணில் இருக்கட்டும்.

மூடி நல்லதென்றால் அடுத்தது பிரஷர் டெஸ்ட். என்ஜின் முழுக்க ஆறிய பிறகு, மூடியின் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் உள்ள எண் வரைக்கும் மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று ஏற்றினால் பழைய பிளாஸ்டிக் தொட்டியே விரிசல் விடும். பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு அநேகமாக இல்லை; சூட்டில் மட்டும் கசிகிறதா என்பதை என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இன்னொரு முறை பார்க்கலாம். முள் இறங்கியும் வெளியே ஈரமில்லையா? முன் சீட்டு மிதியடிகளுக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள். அங்கே ஈரமும், கண்ணாடியில் எண்ணெய்போல் படலமும் இருந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகுகிறது.

அதுவும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு. இதை ஊகத்தில் பிரிக்க விடாதீர்கள். சோதனைக்கு ஒரு நீலத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் கூலன்டை இரண்டு அங்குலம் குறைத்துவிட்டு (திரவத்துக்குள் கூலன்ட் ஏறினால் சோதனை வீண்), என்ஜின் ஓடும்போது மேலே சேரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே ஓரிரு நிமிடம் உறிஞ்ச வேண்டும். பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது என்று பொருள். இந்தச் சோதனை செய்யாமலேயே ஹெட்டை இறக்குகிற பட்டறைகள் உண்டு. செலவு உங்களுடையது, ஆகவே கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பனியே உறையாது. ஆன்டிஃப்ரீஸ் எதற்கு? போர் தண்ணீர் போதாதா? (ராமநாதபுரம் வாசகர்)

பதில்: ஆன்டிஃப்ரீஸ் என்பதும் கூலன்ட்தான்; பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. நம் ஊரில் அதன் வேலை இரண்டு: கொதிநிலையை உயர்த்துவது, துருவையும் அரிப்பையும் தடுப்பது. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு உப்பு, என்ஜினில் எங்கே சூடு அதிகமோ அங்கேதான், அதாவது ஹெட்டைச் சுற்றித்தான், முதலில் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். அந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. குளோரைடு இருந்தால் அலுமினியத்தில் ஊசிக்குத்துப்போல் குழி விழும்.

பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். பக்கத்து அடுக்கில் இருக்கும் ஆசிட் கேனைத் தூக்கிவிடாதீர்கள். கூலன்ட் கேனில் 'ரெடி மிக்ஸ்' என்றிருந்தால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. 'கான்சன்ட்ரேட்' என்றால் சரிபாதி. 'தண்ணியே வேண்டாம், முழுக்க ஊத்துறேன்' என்பதும் தவறு. தண்ணீர் அளவுக்குக் கிளைக்கால் (கான்சன்ட்ரேட்டின் முக்கியப் பொருள்) சூட்டைச் சுமக்காது. வேடிக்கை என்னவென்றால், பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது; தனிக் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறையத் தொடங்கும்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால் குடிநீர் பாட்டிலையே ஊற்றி வீடு சேரலாம், தவறில்லை. ஆனால் என்ஜின் ஆறியிருக்க வேண்டும். கொதிக்கும் ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். மூடியையும் சூட்டோடு திறக்காதீர்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்த முடிகிற அளவுக்கு ஆறட்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும்.

கேள்வி: பச்சையா, சிவப்பா, எது நல்லது? (கடலூர் வாசகர்)

பதில்: நிறம் வெறும் சாயம். ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் வேறு வேதிப்பொருளாக இருக்கலாம். வண்டியின் கையேட்டில் உள்ள தர எண்ணைக் கேனின் முதுகில் தேடுங்கள். வகை தெரியாமல் கலந்தால் அரிப்புத் தடுப்பான்கள் பலம் இழக்கும். சில கலவைகள் கூழ்போல் திரிந்து குழாயை அடைக்கும்.

கேள்வி: கொல்லிமலை ஏறும்போது மட்டும் சூடு ஏறுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள், அப்படியும் தீரவில்லை. (நாமக்கல் வாசகர்)

பதில்: மறுபடி மாட்டுங்கள். என்ஜின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். பல என்ஜின்களில் அது திறக்கும்போது அதன் அடித்தட்டு, ரேடியேட்டரைத் தவிர்க்கும் பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குத் திரும்பிவிடும். சமவெளியிலோ என்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். நல்லதா கெட்டதா என்று பார்க்க, நூலில் கட்டி வெந்நீர்ப் பாத்திரத்தில், அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரையும் வையுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அதை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 95-க்குள் முழுதாகத் திறந்து, ஆறும்போது மூட வேண்டும்.

70 கொண்டை ஊசி வளைவுகளை முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது, ஃபேன்தான் கதி. எனவே எனக்கு ஃபேன்மேல்தான் சந்தேகம். ஏ.சி. போட்டால் சுற்றுகிறதா, ஏ.சி. இல்லாமல் கால் மணி நேரம் ஐடிலில் விட்டால் தானாகச் சுற்றுகிறதா, இரண்டாவது வேகம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே டார்ச் அடித்தால் பூச்சியும் பஞ்சும் பாய் விரித்திருக்கும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த வேகத் தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பின் பீச்சு தகடுகளை மடக்கிவிடும்.

கேள்வி: கூலன்டை எப்போது மாற்றுவது? நானே மாற்றலாமா? (மதுரை வாசகர்)

பதில்: கையேடு சொல்லும் காலமே கணக்கு, பழைய வகைக்குப் பொதுவாக 2 ஆண்டு, நெடுநாள் வகைக்கு 5 வரை. இடையில் சோதிக்க மல்டிமீட்டர் போதும். ஆறிய என்ஜினில், கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை இரும்பைத் தொடாமல் கூலன்டில். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி, அரை வோல்ட்டைத் தாண்டினால் மாற்றுங்கள். என்ஜினை ஓட்டி, லைட், ஃபேன் போட்டதும் எண் எகிறினால் குறை கூலன்டில் இல்லை, எர்த் வயரில். கலவை விகிதத்தை அறிய, ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

மாற்றும்போது எல்லோரும் சறுக்குவது அளவில். ரேடியேட்டர் அடித்திருகைத் திறந்தால் முழுதும் வராது. என்ஜின் பிளாக்கில் நிறையத் தங்கும். தண்ணீர் விட்டு அலசினால் தங்குவது தண்ணீர். அதன்மேல் ரெடி மிக்ஸ் ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். கடைசி அலசலை டிஸ்டில்ட் வாட்டரில் முடித்து, மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால் முதலில் இரண்டரை லிட்டர் கான்சன்ட்ரேட் ஊற்றி, மீதியை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள்.

ஏர் லாக் (உள்ளே காற்று அடைத்துக்கொள்வது) வராமலிருக்க, மூக்கு சற்று உயரும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். காற்றை வெளியேற்றும் பிளீடு திருகு இருந்தால் குமிழி நின்று சீராக வழியும்வரை திறந்திருக்கட்டும். ஃபேன் இரண்டு முறை ஓடத் தொடங்கி நிற்கும்வரை ஐடிலில் ஓட்டி, ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் நிரப்புங்கள். மறுநாள் காலை இன்னொரு முறை பாருங்கள், இறங்கியிருக்கும்.

வடித்த கூலன்டை வாசலில் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும்; கொஞ்சம் போனாலே சிறுநீரகம் பழுதாகி இறந்துவிடும். மூடிய கேனில் ஊற்றி, கழிவு எண்ணெய் எடுக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.