இரட்டை விலைக் கோழி

கேள்வி: கடைக் கோழியில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா இருப்பதாகப் படித்ததிலிருந்து இரட்டை விலை கொடுத்து ஆர்கானிக் கோழிதான் வாங்குகிறோம். இனி பயமில்லைதானே? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: காசு வீண் என்று சொல்ல மாட்டேன். எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கோழி, பன்றி இறைச்சியில் கிருமி இருப்பதில் ஆர்கானிக்குக்கும் சாதாரணத்துக்கும் வித்தியாசமே இல்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமிதான் சாதாரணக் கறியில் அதிகம். இடைவெளி 33 சதவீதப் புள்ளி. ஆக, ஆர்கானிக்கில் குறைவு. இல்லவே இல்லை என்பது உங்கள் கற்பனை.

ஆர்கானிக் கோழியிலும் அந்தக் கிருமி எப்படி வருகிறது என்கிறீர்களா? அமெரிக்க ஆர்கானிக் விதி குஞ்சின் இரண்டாம் நாளிலிருந்துதான் தொடங்குகிறது. முட்டைக்குள் போட்ட ஆன்டிபயாடிக் ஊசி கணக்கில் சேராது! அந்த ஊசி சின்ன விஷயமில்லை. கனடாவின் கியூபெக்கில் 2005-இல் பொரிப்பகங்கள் முட்டைக்குள் செலுத்திவந்த செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாடிக்கை நிறுத்தியதும், கறியில் மட்டுமல்ல, நோயாளிகளிடம் கண்ட சால்மோனெல்லா கிருமியிலும் மருந்தை எதிர்க்கும் சக்தி இறங்கியது. மறுபடி மருந்தைத் தொட்டதும் ஏறத் தொடங்கியது. நம் ஊரிலும் வேறு மருந்து பலிக்காதபோது மருத்துவர்கள் எடுக்கும் கடைசி ஆயுதமான கோலிஸ்டின் ஆன்டிபயாடிக்கைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019-இல்தான் தடை வந்தது.

பண்ணையை விடுங்கள், கடைக்கு வருவோம். உங்கள் ஆர்கானிக் கோழியைக் கடைக்காரர் எந்தக் கட்டையில் வைத்து வெட்டுகிறார்? சற்றுமுன் பிராய்லர் கிடந்த அதே புளியங்கட்டையிலா? இறகு பிடுங்கும் மெஷினும் அதேதானா? அப்படியென்றால் இரட்டை விலைக்குப் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

ஒரு நல்ல சேதி: மாத்திரைக்கு அடங்காத கிருமியும் கொதிக்கிற குழம்புக்கு அடங்கிவிடும். ஆபத்து வாணலியில் இல்லை, தொட்டியில். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசுகிறோமே, அதில் கிருமி போகாது. தெறித்துப் பக்கத்தில் போய் உட்காரும். கறி வெட்டிய பலகையிலேயே கொத்தமல்லி நறுக்கி, இறக்கிய குழம்பின் மேல் பச்சையாகத் தூவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும்தான். இப்போது கொத்தமல்லிக்குத் தனிப் பலகை வாங்கிவிட்டோம். கோழி இன்னும் பிராய்லர்தான்.